சுயமுன்னேற்றத்திற்கோர் இலக்கணம்: சுவாமி விபுலாநந்தர்

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்பது ஆன்றோர் கொள்கை. அப்பிறவியைப் பெற்றவர்களுள் பெரும்பாலானோர் இளமையிற் சிறிது கற்று, தொழிலொன்றைத் தேடிக்கொண்டதும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகின்றனர். தொழில் கிடைத்துவிட்டது, இனிக் கற்று ஆவதென்ன என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வாறு எண்ணாது, தொழில் பார்த்துக்கொண்டே கற்றும், கற்றதைப் பிறர்க்கு அளித்தும், ஐம்பத்தைந்து வயது வரை மாணவனாகவே வாழ்ந்து மறைந்த பெருமகனார் ஒருவர் கிழக்கிலங்கையிலே தோன்றினார். முத்தமிழ் வித்தகர் என உலகம் போற்றும் சுவாமி விபுலாநந்த அடிகளாரே அவராவார்.

அடிகளாரைத் துறவியாகவும், பேராசிரியராகவும், யாழ்நூல் ஆசிரியராகவும் அறிந்தோர் பலர். எனினும் அவர் மாதச் சம்பளத்திற்கு உழைத்த ஓர் ஆசிரியராக இருந்த காலத்தில், வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தைக் கொண்டே தம்மை உயர்த்திக் கொண்டார் என்ற செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. இன்றைய இளந்தலைமுறையினர் அறிந்து பயன்கொள்ள வேண்டியது அப்பகுதியேயாகும்.

பிறப்பும் இளமையும்

அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்ததும், இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ளதுமான காரைதீவு என்னும் பழம்பெருங் கிராமத்தில், சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியினரின் புதல்வராக 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி அடிகளார் பிறந்தார். பெற்றோர் முதலில் இட்ட பெயர் தம்பிப்பிள்ளை. பின்னர் மயில்வாகனன் என்னும் பெயரே நிலைத்தது.

காரைதீவு கண்ணகை அம்மன் ஆலயத்தாற் புகழ்பெற்ற ஊராகும். வைகாசித் திங்களிலே குளிர்த்திச் சடங்கும், கண்ணகி வழக்குரை படித்தலும் கிழக்கிலங்கைக் கண்ணகை அம்மன் ஆலயங்களின் தொன்றுதொட்ட வழக்கம். கண்ணகியின் கதை அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஏட்டிற் படித்து அறிய வேண்டியதொன்றன்று. அது ஊரோடு ஒட்டியது. அடிகளார் பிறந்த அதே 1892ஆம் ஆண்டிலேதான் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்நூலுக்கும் அந்தக் குழந்தைக்கும் பிற்காலத்தில் ஏற்படவிருந்த தொடர்பை அன்று யாரும் அறிந்திருக்க நியாயமில்லை.

ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஆரம்பக் கல்வியைக் கற்ற மயில்வாகனன், பின்னர் கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். பதினாறாவது வயதில், 1908ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார்.

உத்தியோகமும் படிப்பும்

அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் சீனியர் சித்தி என்பது சிறிய விடயமன்று. அதனைக் கையில் வைத்திருந்த இளைஞனுக்குக் கச்சேரியிலோ கல்லூரியிலோ ஓர் உத்தியோகம் காத்திருந்தது. உத்தியோகம் கிடைத்ததும் வீடு, வளவு, சீதனம், பென்சன் என்று வாழ்க்கை வரையறுக்கப்பட்டுவிடும். மயில்வாகனனும் உத்தியோகம் பெற்றார். கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். ஆனால் படிப்பை அவர் அத்துடன் நிறுத்தவில்லை.

1911ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றார். மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை 1928ஆம் ஆண்டிலேதான் வந்தது என்பதை நினைவிற் கொண்டால், அந்நாளில் கீழ்க்கரையிலிருந்து கொழும்புக்குச் சென்று படிப்பது எத்துணைச் சிரமமானது என்பது விளங்கும். பகலில் ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், ஓய்வு நேரத்தில் தென்கோவைக் கந்தையபிள்ளை அவர்களை அடுத்துத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். கொழும்பு நகருக்குச் சென்ற இளைஞர் பலர் ஆங்கிலத்தில் மோகங்கொண்டு தாய்மொழியை மறந்துகொண்டிருந்த காலம் அது. அதே நகரிலிருந்தே அவர் தமது தமிழறிவை ஆழப்படுத்திக் கொண்டார்.

1912இல் பயிற்சியை நிறைவுசெய்து மட்டக்களப்புக்கு மீண்டு ஆசிரியப் பணியைத் தொடர்ந்த அவர், 1915ஆம் ஆண்டளவில் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலிற் சித்தியெய்தியவர் இவரே என்பர். ஒருபுறம் இரசாயன ஆய்வுகூடம், மறுபுறம் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும். ஒன்றுக்கொன்று தொடர்பற்றனவாகத் தோன்றும் இவ்விரு துறைகளையும் ஒரே காலத்தில் ஒருவர் கற்றார் என்பது ஈண்டு கருதத்தக்கது.

1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் புனித சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். அப்பொழுது இலங்கையில் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. பல்கலைக்கழகக் கல்லூரி கூட 1921ஆம் ஆண்டிலேதான் கொழும்பில் ஆரம்பமாயிற்று. பட்டம் பெற விரும்பியவர்கள் வெளிநாடு செல்ல வேண்டும், அல்லது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை போன்றவற்றுக்குத் தாமே படித்துத் தோற்ற வேண்டும். வெளிவாரி மாணவனுக்கு வகுப்புமில்லை, மேற்பார்ப்பாருமில்லை. இன்றைக்குப் படிக்கவில்லையே என்று கேட்பவர் தன் மனச்சாட்சி ஒன்றேயாகும். மயில்வாகனனார் பகலிற் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டே தாமும் கற்று, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1920ஆம் ஆண்டளவில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது.

தொழில் புரியும் ஒருவர் தம்மை மேம்படுத்திக்கொள்ளும் முறையை இப்பன்னிரண்டு ஆண்டுகளிற் காணலாம். தொழிலைக் காரணங்காட்டி அவர் படிப்பை விடவில்லை. எடுத்த படிப்பைப் பரீட்சை வரை கொண்டுசென்று முடித்தார். வாசித்தேன், ஓரளவு தெரியும் என்று பாதியில் நிற்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. அத்துடன், தாம் கற்றதைக் கற்பித்தார். கற்பிக்கும்போதுதான் ஒருவர் தாம் கற்றது சரியா என அறிகின்றார் என்பது ஆசிரியப் பணி புரிந்தோர் அனைவரும் அறிந்த உண்மை.

பதவியைத் துறத்தல்

பண்டிதர், பட்டதாரி, கல்லூரி அதிபர். முப்பது வயதில் ஒரு கிராமத்து இளைஞன் இதற்குமேல் எதனை எதிர்பார்க்கலாம் என்றே உலகம் நினைக்கும். உற்றார் உறவினரும் அவ்வாறே நினைத்திருப்பர். ஆனால் 1922ஆம் ஆண்டு அவர் அதிபர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த சுவாமி சர்வானந்தரோடு யாழ்ப்பாணத்தில் ஏற்பட்ட தொடர்பே அவரை இவ்வழியிற் செலுத்தியது. மடத்தில் அவருக்கு இடப்பட்ட பெயர் பிரபோத சைதன்யர். 1924ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமியன்று, ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடரும் மடத்தின் தலைவருமாகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு தீட்சை பெற்று விபுலாநந்தரானார்.

அதிபராக இருந்து பிறருக்குக் கட்டளையிட்டவர், மடத்தில் மீண்டும் கடைநிலை மாணவனாக அமர்ந்தார். வடமொழியும் வேதாந்தமும் அங்கே மேலும் ஆழமாகப் பயின்றார். மடத்தின் தமிழ் இதழாகிய இராமகிருஷ்ண விஜயம், ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு துறையில் உயர்ந்தவர் இன்னொரு துறையிற் கற்றுக்குட்டியாக இருக்கச் சம்மதிப்பது எளிதன்று. பெரும்பாலானோருக்கு முன்னேற்றம் தடைப்படுவது அறிவுக் குறைவினாலன்று, இந்தச் சம்மதம் வராமையினாலேயே எனலாம்.

1925இல் இலங்கைக்கு மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கட்டியெழுப்பும் பணியில் ஈடுபட்டார். திருகோணமலை இந்துக் கல்லூரியிலும், வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயத்திலும், கிழக்கிலங்கையின் சிறிய கிராமப் பாடசாலைகளிலும் அவரது கரம் பட்டது. 1929ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே தமது குருநாதரின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை ஆரம்பித்தார். தாம் ஆங்கிலக் கல்வியும் விஞ்ஞானமும் கற்க ஊர்விட்டு ஊர் செல்லவேண்டி இருந்தது. தம் மண்ணின் பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் குறைய வேண்டுமென்பதே அவர் எண்ணமாக இருந்தது. ஏழைப் பிள்ளைகளும் அநாதைப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க விடுதிகளும் மிஷனால் நடத்தப்பட்டன.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி மாணவருக்குப் பாடஞ் சொன்ன அவர், அயலிலுள்ள திருவேட்களத்திற்குச் சென்று தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். மகாகவி பாரதியைப் புலவர்கள் பலர் ஏற்கத் தயங்கிய நாளில் அவர் பாடல்களைப் பல்கலைக்கழக மாணவர் மத்தியிற் பரப்பியவரும் இவரே. ஆயினும் 1933ஆம் ஆண்டளவில் அப்பதவியையும் விட்டுத் தாய்நாடு திரும்பினார்.

சிதறிய வாழ்வா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. விஞ்ஞானம் கற்றார், விட்டார். பண்டிதரானார், ஆயினும் அதனோடு அமையவில்லை. அதிபரானார், துறந்தார். பத்திரிகாசிரியர், பாடசாலை முகாமையாளர், பேராசிரியர் என ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். ஒரு துறையிலேயே நின்றிருந்தால் இன்னும் அதிகம் சாதித்திருக்கலாமே என அக்காலத்தில் நினைத்தோர் இருந்திருப்பின் அவர்களைக் குறைகூற முடியாது. இவ்வையத்திற்கு விடையாக அமைந்ததே யாழ்நூல்.

யாழ் பண்டைத் தமிழரின் இசைக்கருவி. திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்தார் என்பது ஆலயத்திற்கு வரும் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. யாழ்ப்பாணம் என்னும் ஊர்ப் பெயரையும் யாழோடு தொடர்புபடுத்திக் கூறுவதுண்டு. எனினும் அந்த யாழ் எப்படியிருக்கும், எவ்வாறு சுருதி கூட்டப்படும் என்பதைக் கண்டவரும் கேட்டவரும் இல்லை. வீணை மேலோங்க, யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையிலும் அதன் உரையிலும் யாழைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. 21 நரம்புகளையுடைய பேரியாழ், 14 நரம்புகளையுடைய சகோடயாழ், 7 நரம்புகளையுடைய செங்கோட்டியாழ் என்றெல்லாம் உரை கூறும். ஆனால் தமிழ் மட்டும் கற்ற புலவருக்கு அதன் இசைக் கணக்கு விளங்கவில்லை. இசை மட்டும் கற்ற வித்துவானுக்கு அதன் பழந்தமிழ் விளங்கவில்லை.

இந்தப் பூட்டைத் திறக்கும் திறவுகோல்கள் யாவும் அடிகளாரிடம் இருந்தன. நரம்பின் நீளத்திற்கும் அதன் ஒலிக்கும் கணக்குத் தொடர்பு உண்டு. ஒரு நரம்பைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அடுத்த தானத்துக் குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கில் அழுத்தினால் இளி என்னும் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்கில் அழுத்தினால் உழை என்னும் மத்திமமும் பிறக்கும். இது பௌதிகவியல் கற்றவர் அறிந்தது. இக்கணக்கைக் கையிற் கொண்டு அவர் சிலப்பதிகார உரையிற் புதைந்திருந்த ஏழு நரம்புகள், 22 அலகுகள், பாலைகள் என்பவற்றை ஒன்றொன்றாக ஆராய்ந்தார். பழந்தமிழ் நூற்பாக்களைப் பொருள்கொள்ளப் பண்டிதப் படிப்பு உதவியது. இசை பற்றிய வடநூல்களை ஒப்புநோக்க வடமொழி உதவியது. மேனாட்டு இசையாராய்ச்சியை அறிய ஆங்கிலம் உதவியது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பகல் வேலை முடிந்தபின் விழித்திருந்து கற்ற பாடங்கள் அனைத்தும் இங்கே வந்து ஒன்றுகூடின. அவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் யாழ்நூல் இவ்வடிவில் பிறந்திராது.

இந்த ஆராய்ச்சிக்கென அவருக்கு ஓய்வாக ஆண்டுகள் அளிக்கப்படவில்லை. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள், பிற பணிகளுக்கு இடையிலேயே அது நடந்தது. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டுமெனச் சென்னையில் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டபோது இரசாயனச் சொற்களை ஆக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1939ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலே தங்கி, மடத்தின் ஆங்கில இதழாகிய பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராகக் கடமையாற்றினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இத்தனைக்கும் நடுவே யாழ் பற்றிய கணக்கும் ஆய்வும் தொடர்ந்தன. நேரமில்லை என்ற சொல்லை அவர் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தியிருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

நிறைவு

யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. சிதம்பரஞ் செட்டியார் என்னும் பெருந்தனவந்தர் இப்பணிக்குப் பெருந்துணை புரிந்தார். 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில், தேவாரப் பாடல் பெற்ற தலமாகிய திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்திலே நூல் அரங்கேறியது. அடிகளாரின் கணக்கின்படி அமைக்கப்பட்ட யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. பல நூற்றாண்டுகளாக ஏட்டிற் சொல்லாக மட்டும் இருந்த இசை, சிவசந்நிதியில் மீண்டும் காதுக்கு வந்தது.

அப்போது அடிகளாரின் உடல்நலம் மிகவும் குன்றியிருந்தது. அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரங்கள் சென்று, 1947ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் திகதி கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். பூதவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது. அச்சமாதியில் அவர் இயற்றிய பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் கல்லடியிலே இசை, நடனம் முதலிய கலைகளைக் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவகமொன்றும் அவர் பெயரைத் தாங்கி எழுந்தது.

யாழ்நூல் நிறைவேறாமலே போயிருக்கக் கூடிய சந்தர்ப்பங்கள் பல. இன்னும் இரண்டு மாதம் ஆறுதலாகச் செய்யலாம் என்று அவர் எண்ணியிருந்தாலே அரங்கேற்றத்தைக் காணாது கண்மூடியிருப்பார். நாளைக்கு என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் ஒருவர் வாழ்வில் எதனை எடுத்துச் செல்லக்கூடும் என்பதற்கு இவ்வாறு வாரங்களைக் கணக்கிட்டுப் பார்ப்பதே போதுமானது.

இன்று வேலையிலிருக்கும் இளைஞர்க்கும், பரீட்சையில் ஒருமுறை தவறிவிட்டுச் சோர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், ஓய்வூதியம் பெற்று இனி என்ன என்று இருப்பவர்க்கும் அடிகளாரின் வாழ்வு ஒரு வழி காட்டுகின்றது. அவரைப் போல் யாழ்நூல் எழுதுவது எல்லோர்க்கும் இயலாது. ஆனால் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் புதிதாக ஒன்றைக் கற்பது எவர்க்கும் இயலும். ஒரு மொழி, ஒரு கைத்தொழில், கணக்கு, பண்ணோடு தேவாரம் ஓதும் முறை என எதுவாயினும் ஆகலாம். அது எப்போது, எதற்குப் பயன்படும் என்று அன்றே தெரியாது. இரசாயனம் கற்ற இளைஞனுக்குத் தன் படிப்பு ஒருநாள் தேவாரப் பண்ணை ஆராய உதவுமென்று தெரிந்திருக்கவில்லை. காலம் வரும்போது கற்றது கைகொடுக்கும். கற்றதை நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது தன்னோடு அழிந்தும் போகாது.

பெற்றோர்களும் தம் பிள்ளைகளிடம் என்ன உத்தியோகம் பார்க்கப் போகின்றாய் என்று கேட்பதோடு, இவ்வருடம் புதிதாக என்ன கற்றாய் என்றும் கேட்பார்களாக. கண்ணகைத் தாயின் கிராமத்திற் பிறந்து, கற்றலையே தவமாகக் கொண்ட அம்மகானின் வழியில் எம் இளஞ்சந்ததியினர் நடைபயில எல்லாம்வல்ல இறைவனின் திருவருள் என்றும் துணைநிற்பதாக.